புத்தர் சொன்ன நிர்வாணம்: சாவா, சொர்க்கமா, மோட்சமா?

கேள்வி கேட்டவர் மூன்று சந்தேகங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். நிர்வாணம் என்பது செத்த பிறகு ஒன்றுமில்லாமல் போவதா? சொர்க்கம் மாதிரி ஓர் இடமா? இல்லை, நாம் மோட்சம் என்று சொல்வதற்கே பௌத்தர்கள் வைத்த இன்னொரு பெயரா? மூன்றுக்கும் "இல்லை" என்பதுதான் பதில். ஆனால் மூன்று "இல்லை"யைக் கையில் கொடுத்து அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒரு சிரிப்பைத் தாண்டிவிட வேண்டும். "புத்தர் நிர்வாணம் அடைந்தார்" என்று வாத்தியார் படித்ததும் கடைசி பெஞ்சில் ஒரு கிசுகிசுப்பு எழும். பேச்சுத் தமிழில் நிர்வாணம் என்றால் உடையில்லாத நிலைதானே. தமிழ் அகராதிகளில் வீடுபேறு, அம்மணம் என்று இரண்டு பொருளும் உண்டு. பௌத்தத்துக்கும் அம்மணத்துக்கும் மட்டும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சொல்லப்போனால் பகைதான். பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் ஒரு கதை வருகிறது. சாவத்தி நகரில் விசாகை என்ற செல்வச் சீமாட்டி புத்தரையும் பிக்குகளையும் சாப்பிட அழைத்திருந்தாள். அன்று காலை நல்ல மழை. பிக்குகள் துணியைக் களைந்து வைத்துவிட்டு மழையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு தயார் என்று சொல்ல வந்த பணிப்பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "மடத்தில் பிக்குகள் யாரும் இல்லை அம்மா, ஆசீவகர்கள்தான் குளிக்கிறார்கள்" என்று போய்ச் சொன்னாள். அம்மணத் துறவி என்றால் ஆசீவகர் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு. விசாகைக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று அவள் புத்தரிடம் எட்டு வரம் கேட்டாள். பிக்குகளுக்கு மழைக்குளியல் துணியும் பிக்குணிகளுக்குக் குளியல் துணியும் தருகிற உரிமை அவற்றில் சேர்ந்தவை. மற்றத் துறவிகளைப் போல அம்மணத்தை நோன்பாக ஏற்பதைப் புத்தர் பிக்குகளுக்குத் தடையே செய்திருந்தார்.

சரி, சொல்லுக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் நிர்வாணம், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் நிப்பானம். காற்று வீசுவதைக் குறிக்கும் 'வா' என்ற வேரோடு 'நிர்' சேர்ந்தது. நெருப்போ விளக்கோ எரிந்து ஓய்வதற்குப் புழங்கிய சொல். இதை "ஊதி அணைத்தல்" என்று பலர் மொழிபெயர்க்கிறார்கள். அதில் ஒரு சிறு பிசகு இருக்கிறது. ஊதி அணைப்பது என்றால் ஊதுகிற ஆள் ஒருவர் வேண்டும். நிப்பானமோ தன்வினை. எண்ணெயும் திரியும் தீர்ந்ததும் விளக்கு தானாக ஓய்வது.

எங்கள் வீட்டில் பாட்டி இருந்தவரை குத்துவிளக்கை "அணை" என்று யாரும் சொல்லிவிட முடியாது. "விளக்கைக் குளிர வை" என்பார். வாயால் ஊதவும் கூடாது. திரியைப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். அமங்கலச் சொல்லைத் தவிர்க்க வந்த வழக்கு என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். பாலி நூல்களைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் பாட்டியின் வாயில் இருந்தது நிப்பானத்துக்கு எவ்வளவு பக்கத்துச் சொல் என்று உறைத்தது. ஏனென்றால் பிக்குணிகளின் பாடல்களான தேரிகாதையில் விடுதலை பெற்றவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இப்படித்தான்: "சீதிபூதாம்ஹி நிப்புதா". குளிர்ந்துவிட்டேன், அவிந்துவிட்டேன்.

இந்த 'நிப்புத' என்ற சொல் துறவிகளுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. ஜாதகக் கதைகளின் முன்னுரையில் ஒரு காட்சி. சித்தார்த்தன் இன்னும் அரண்மனையில் இருக்கிற காலம். தேரில் ஊருக்குள் வருகிறான். மாடத்தில் நின்ற கிசாகோதமி என்ற அரசகுலப் பெண் அவன் அழகைப் பார்த்துப் பாடுகிறாள்: இப்படி ஒரு மகனைப் பெற்ற தாய் நிப்புதை, தகப்பன் நிப்புதன், இவனைக் கணவனாகப் பெற்றவளும் நிப்புதை. இதற்குத் தமிழில் யோசிக்கவே வேண்டியதில்லை. "இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற வயிறு குளிர்ந்திருக்குமே!" அவள் சொன்னது அதுதான். சித்தார்த்தன் அதைக் கேட்டு, எது குளிர்ந்தால் நெஞ்சு உண்மையிலேயே குளிரும் என்று யோசிக்கிறான். நல்ல சொல்லைக் காதில் போட்டாள் என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவளுக்கு அனுப்புகிறான். அவள் அதைக் காதல் பரிசு என்று எடுத்துக்கொண்டாள், பாவம்.

இலங்கையில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல் வேறு வழியாகவும் தெரிந்திருக்கும். சிங்களத்தில் அது 'நிவன்'. செத்த வீடுகளில் கட்டும் வெள்ளைப் பதாகைகளில் நிவன் சுகம் கிடைக்கட்டும் என்று எழுதியிருக்கும். அதே மொழியில் 'நிவெனவா' என்றால் விளக்கு அணைவது, சூடு ஆறுவது. தமிழிலும் 'ஆறுதல்' என்றால் பால் ஆறுவதும் புண் ஆறுவதும் மனம் ஆறுவதும் ஒரே சொல்லில்தானே அடங்குகின்றன.

அப்படியானால் எரிவது எது? இதற்குப் புத்தர் பதில் சொன்ன இடம் கயைக்குப் பக்கத்தில் கயாசீசம் என்ற குன்று. கேட்டவர்கள் யார் என்பது முக்கியம். உருவேலக் காசியபர், நதிக் காசியபர், கயாக் காசியபர் என்று மூன்று சகோதரர்கள். சடைமுடித் துறவிகள், தீ வளர்த்து வழிபட்டவர்கள். மூத்தவர் புத்தரிடம் சேர்ந்ததும் சடையையும் அக்கினிக் காரியப் பொருட்களையும் நேரஞ்சரா ஆற்றில் விட்டார். அவை மிதந்து வருவதைக் கீழே இருந்த தம்பிகள் பார்த்து, அண்ணனுக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்து, அவர்களும் சேர்ந்தார்கள். சீடர்களோடு சேர்த்து மொத்தம் ஆயிரம் பேர். வாழ்நாள் முழுக்கத் தீயைக் காத்து வந்த அந்த ஆயிரம் பேரிடம்தான் புத்தர் சொன்னார்: எல்லாம் எரிகிறது. கண் எரிகிறது, கண் காணும் உருவங்கள் எரிகின்றன. காது எரிகிறது, ஒலி எரிகிறது. நாக்கு, உடல், மனம், எல்லாம் எரிகின்றன. ராகம், துவேஷம், மோகம் (ஆசை, வெறுப்பு, மயக்கம்) என்ற தீக்களால் எரிகின்றன.

வேள்வி செய்கிற வைதிகக் குடும்பத்தில் காக்கப்பட்ட தீயும் மூன்றுதான்: கார்ஹபத்யம், ஆஹவனீயம், தட்சிணாக்கினி. "காக்கவேண்டிய மூன்று தீ" என்று ஊரே நம்பிய காலத்தில் "அவிக்கவேண்டிய மூன்று தீ" என்று அவர் சொன்னது தற்செயல் இல்லை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆளைப் பார்த்து உவமை எடுப்பதில் அவர் கெட்டிக்காரர்.

ஆக, நிர்வாணத்துக்கு நூல்களில் உள்ள ஆகச் சுருக்கமான விளக்கம் ரொம்ப எளிமையானது. ஜம்புகாதகர் என்ற பரிவிராசகர், அதாவது ஊர் சுற்றும் துறவி, புத்தரின் தலைமைச் சீடரான சாரிபுத்தரிடம், "நிர்வாணம் நிர்வாணம் என்கிறீர்களே, என்ன அது?" என்று நேராகவே கேட்கிறார். ராகம் தீர்வது, துவேஷம் தீர்வது, மோகம் தீர்வது, அதுதான் என்கிறார் சாரிபுத்தர். வேறு உலகம், ஒளி, கடவுள் எதுவும் பதிலில் இல்லை.

பள்ளிப் பாடத்தில் இதை "ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்று ஒரே வரியாக்கிவிட்டோம். பாலியில் 'தண்ஹா' என்றால் தாகம். மணிமேகலையில் இதற்கு வருகிற சொல் வேட்கை. நீர்வேட்கை என்கிறோமே, அந்த வேட்கை. ஒன்றைச் சார்ந்து ஒன்று வந்து துன்பத்தில் முடிகிற பன்னிரண்டு சார்புகளை அந்தக் காப்பியம் தமிழாக்கிய விதமே ஒரு பாடம்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். இதில் 'பற்று' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பாலி மூலம் 'உபாதானம்'. அதற்கு இரண்டு பொருள். ஒன்று, பிடித்துக்கொள்வது. மற்றது, நெருப்புக்கு இரையாகிற விறகு. புத்தரின் உவமைகள் பலவும் இந்த இரட்டைப் பொருளை வைத்தே ஓடுகின்றன. மற்ற மொழிகளில் பெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் அடிக்குறிப்பு போட்டுத்தான் தப்பிக்கிறார்கள். தமிழில் அந்தக் கவலையே இல்லை. சொத்தின் மேலும் பற்று, தீயும் பற்றுகிறது. அடுப்பைப் பற்ற வைக்கிறோம், பிள்ளைகள் மேல் பற்று வைக்கிறோம். பற்றினால் எரியும், பற்று விட்டால் குளிரும். நிர்வாணத்தைத் தமிழில் சொல்ல இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் பெரிய தத்துவ மொழி தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

உடனே ஒருவர் எழுந்து கேட்பார்: "ஆசையை விடவேண்டும் என்பதும் ஓர் ஆசைதானே?" தான்தான் முதலில் கண்டுபிடித்த மடக்கு என்று நினைப்பார். கோசம்பியில் உண்ணாபர் என்ற பிராமணர் புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தரிடம் இதே மடக்கைப் போட்டார், இப்படியே போனால் இதற்கு முடிவே இராதே என்று. ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: "இந்தத் தோட்டத்துக்கு வரவேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இருந்ததா?" இருந்தது. "வந்து சேர்ந்த பிறகு அந்த விருப்பம் என்ன ஆயிற்று?" தணிந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

இனி, முதல் சந்தேகம். நிர்வாணம் செத்த பிறகு வருவதா? சித்தார்த்தர் போதி மரத்தடியில் அதை அடைந்தபோது அவருக்கு 35 வயது என்பது மரபு. இறந்தது 80 வயதில். நடுவில் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார், பிச்சை எடுத்துச் சாப்பிட்டார், சண்டை போட்ட பிக்குகளைச் சமாதானம் செய்து பார்த்துத் தோற்றார். முதுகு வலிக்கிறது, நீ தொடர்ந்து பேசு என்று ஆனந்தரிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்ட இடமும் 'சுத்தம்' எனப்படும் அவரது உரைகளில் உண்டு. முதுமையில் தன் உடம்பைப் பழைய வண்டியோடு ஒப்பிட்டார், வார் போட்டுக் கட்டி ஓட்டுகிறோம் என்று. அத்தனையும் நிர்வாணம் அடைந்தவரின் முதுகு, நிர்வாணம் அடைந்தவரின் பசி. அடைந்தவருக்கு ஐம்புலனும் வேலை செய்யும், இனியதும் இனியதல்லாததும் தெரியும், வலியும் தெரியும், ஆனால் மூன்று தீயும் இருக்காது என்று இதிவுத்தகம் என்ற பாலி நூல் விளக்குகிறது. இதற்கு 'சஉபாதிசேச நிப்பானம்' என்று பெயர், உடல் என்ற மிச்சத்தோடு கூடியது. அந்த மிச்சமும் தீர்வது 'அனுபாதிசேசம்'. குசிநாரையில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே நிகழ்ந்தது அதுதான். அதைப் பரிநிர்வாணம் என்கிறோம். பலரும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் நிர்வாணம் என்றாலே சாவு என்ற எண்ணம் வந்தது.

சரி, அந்த இரண்டாவதில் ஆள் என்ன ஆகிறார்? வச்சகோத்தர் என்ற பரிவிராசகர் புத்தரிடம் விடாமல் கேட்டது இதைத்தான். இறந்த பிறகு ததாகதர் (புத்தர் தன்னைக் குறிக்கச் சொல்லும் பெயர்) மறுபடி தோன்றுகிறாரா? அந்தக் கேள்வி பொருந்தாது. தோன்றுவதில்லையா? பொருந்தாது. தோன்றியும் தோன்றாமலுமா? பொருந்தாது. இரண்டும் அல்லவா? அதுவும் பொருந்தாது. வச்சர் தலைசுற்றிப்போய் உட்கார்ந்துவிட்டார். புத்தர் கேட்டார்: உன் எதிரே ஒரு தீ எரிகிறது, பிறகு அவிகிறது. எந்தத் திசைக்குப் போயிற்று? கிழக்கா, மேற்கா, வடக்கா, தெற்கா? வச்சர் சொன்னார், அந்தக் கேள்வியே பொருந்தாதே, புல்லையும் விறகையும் பற்றி எரிந்தது, அது தீர்ந்தது, புதிதாகக் கிடைக்கவில்லை, அவிந்தது. அப்படித்தான், எந்த உடலை, எந்த உணர்வை வைத்து ததாகதரை அளப்பாயோ அதெல்லாம் வேரோடு போய்விட்டது, அவர் பெருங்கடல் போல அளக்க முடியாதவர் என்றார் புத்தர்.

இதை நழுவல் பதில் என்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் "ஒன்றுமில்லாமல் போய்விடுகிறார்" என்பதுதான் உள்ளே இருந்த உண்மைப் பதில், சொல்லத் தயங்கினார்கள் என்று எடுத்துக்கொள்ள நூல்கள் இடம் தரவில்லை. யமகர் என்ற பிக்கு அதையே வெளிப்படையாகச் சொன்னார், அருகர், அதாவது நிர்வாணம் அடைந்தவர், இறந்ததும் அழிந்துபோகிறார், அதுதான் உபதேசம் என்று. சாரிபுத்தர் அவரை உட்கார வைத்து, இந்த உடல்தான் ததாகதரா, இந்த உணர்வா, இவற்றுக்கு வெளியே இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதோ உயிரோடு இருக்கும்போதே "இவர்தான்" என்று ஒன்றைச் சுட்ட முடியவில்லை, அப்புறம் எதை அழிகிறது என்று சொல்வாய்? யமகர் தன் கருத்து தவறு என்று ஒப்புக்கொண்டார். அழிந்துபோக ஒரு 'நான்' இருந்தால்தான் அழிவு என்ற பேச்சே வரும்.

மோட்சத்திலிருந்து நிர்வாணம் பிரிகிற இடமும் இதுதான். உபநிடத மரபில் ஆன்மா உண்டு. அது தளையிலிருந்து விடுபடுகிறது, அல்லது பிரம்மமே தான் என்று அறிகிறது. சைவத்தில் திருவடி சேர்கிறது, வைணவத்தில் வைகுந்தம் போகிறது. எல்லாவற்றிலும் போகிறவர் ஒருவர் உண்டு. பௌத்தத்தில் அந்த ஒருவர்தான் கேள்விக்குறி. பிறவிச் சுழலிலிருந்து விடுதலை என்ற எல்லை வரை எல்லோரும் சேர்ந்து நடக்கிறார்கள், அதற்கப்புறம் வழி பிரிகிறது. சொர்க்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பௌத்தத்திலும் தேவலோகங்கள் நிறைய உண்டு, ஆனால் அங்கே இருப்பவர்களுக்கும் காலம் முடியும், மறுபடி பிறப்பார்கள்.

அப்படியானால் நிர்வாணம் என்பது வெறும் 'இன்மை'தானா? இங்கே பௌத்தர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. உதானம் என்ற பாலி நூலில் ஒரு புகழ்பெற்ற இடம்: பிறக்காதது, ஆகாதது, செய்யப்படாதது, சேர்த்துக் கட்டப்படாதது ஒன்று உண்டு. அது இல்லையென்றால் பிறந்ததிலிருந்தும் ஆனதிலிருந்தும் தப்பவே வழியிராது. தேரவாத உரையாசிரியர்கள் இதை வைத்து நிர்வாணத்தை வெறும் இன்மை என்பதை மறுத்தார்கள், அது காரணங்களால் ஆகாத ஒரு மெய்ப்பொருள் என்றார்கள். சௌத்திராந்திகர் என்ற பிரிவினரோ அது ஓய்வுக்குப் பெயரே தவிரப் பொருளல்ல என்றார்கள். மிலிந்த மன்னர் நாகசேனர் என்ற பிக்குவிடம் "காட்டுங்கள் பார்க்கலாம்" என்று கேட்டபோது, காற்றைக் காட்டுங்கள், நிறம் என்ன, பருமனா ஒல்லியா என்றார் நாகசேனர். இன்னொரு முறை, அடையாதவனுக்கு அது சுகம் என்று எப்படித் தெரியும் என்று மன்னர் கேட்டார். கை கால் வெட்டுப்படாதவனுக்கு அது துன்பம் என்று எப்படித் தெரிகிறது? வெட்டுப்பட்டவன் அலறுவதைக் கேட்டுத்தானே. அதுபோல அடைந்தவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான். உவமை கொஞ்சம் கொடூரம், ஆனால் ராஜாவுக்குப் புரிகிற உவமை.

மகாயானத்தில் நாகார்ச்சுனர் இந்த வழக்கையே கலைத்துப் போட்டார். நிர்வாணத்தை ஆராயும் அத்தியாயத்தில் சம்சாரத்துக்கும் நிர்வாணத்துக்கும் மயிரிழை வேறுபாடும் இல்லை என்கிறார். தப்பிப் போகவேண்டிய இடம் ஒன்று, போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று என்று இரண்டாகப் பிடித்துக்கொள்வதும் பற்றுதான் என்பது அவர் வாதம். எல்லா உயிர்களுக்காகவும் புத்த நிலையை நாடுகிற போதிசத்துவர் சம்சாரத்திலும் தங்குவதில்லை, நிர்வாணத்திலும் தங்குவதில்லை என்ற கருத்தும் மகாயானத்தில் வளர்ந்தது. இதை எழுதினால் தனிக் கட்டுரையாகும், விட்டுவிடுகிறேன்.

தமிழில் இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டால், மணிமேகலையின் இரண்டாம் காதையிலேயே பதில் இருக்கிறது. கோவலன் இறந்த பிறகு துறவு பூண்ட மாதவி, பௌத்தத் துறவி அறவண அடிகள் தனக்கு உரைத்ததாகச் சொல்கிறாள்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது

துன்பம், அதன் காரணம், அதன் ஓய்வு, அதற்கான வழி என்று புத்தர் சொன்ன நான்கு உண்மைகளில் முதல் மூன்று இந்த நாலு வரிக்குள் வந்துவிட்டன. பற்றினால் வருவது துன்பம், பற்று அற்றவர் அடைவது இன்பம். சாத்தனார் 'பற்று' என்று எழுதியபோது தீயையும் நினைத்தாரா என்று கேட்டால், தமிழில் அந்தச் சொல்லை எழுதிவிட்டு நினைக்காமல் இருப்பது கஷ்டம் என்பேன்.

கடைசியாக ஒருத்தியின் கதை. படாசாரை, சாவத்தியில் செல்வந்தர் வீட்டுப் பெண். வீட்டு வேலையாளோடு ஊரைவிட்டுப் போய்க் குடும்பம் நடத்தியவள். இரண்டாம் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழியில் புயல் மழை. ஒதுங்க இடம் அமைக்கப் போன கணவன் பாம்பு தீண்டிச் செத்தான். பிறந்த சிசுவையும் மூத்தவனையும் வைத்துக்கொண்டு வெள்ளம் புரளும் ஆற்றைக் கடக்கப் பார்த்தாள். சிசுவைப் பருந்து தூக்கிப் போயிற்று. அவள் கத்தியதைத் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து ஆற்றில் இறங்கிய மூத்தவனை வெள்ளம் கொண்டுபோயிற்று. ஊர் எல்லையில் எதிரே வந்தவரிடம் பெற்றோரை விசாரித்தால், ராத்திரி மழையில் வீடு இடிந்து அப்பா அம்மா அண்ணன் மூவரும் போய்விட்டார்கள், அதோ ஒரே சிதையில் எரிகிறார்கள் என்றார் அவர். புத்தி பேதலித்தது. உடுத்தியது நழுவியதுகூடத் தெரியாமல் தெருத்தெருவாகத் திரிந்தாள். சனங்கள் கல்லெறிந்தார்கள். அப்படியே ஜேதவனத்துக்குள் வந்தவளைப் பார்த்து, "தங்கையே, நினைவுக்கு வா" என்றார் புத்தர். யாரோ ஒருவர் மேல்துணியைத் தூக்கிப் போட்டார். நம் பேச்சு வழக்கின் நிர்வாணத்தோடு உள்ளே வந்தவள் அவள்.

உரைநூல்கள் சொல்லும் கதை இது. அவள் பிக்குணியான பிறகு நடந்ததை அவளே தேரிகாதையில் பாடுகிறாள். ஒருநாள் கால் கழுவினாள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனம் ஒருநிலைப்பட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போனாள், படுக்கையைப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு ஓர் ஊசியை எடுத்துத் திரியைக் கீழே இழுத்தாள். "விளக்கின் நிப்பானம் போல என் மனத்தின் விடுதலை நிகழ்ந்தது" என்கிறது பாட்டு.

அவளும் ஊதவில்லை. பாட்டி செய்த மாதிரியே திரியை இழுத்துக் குளிர வைத்தாள்.